புரசம்பூவும் நான்கு சாட்சிகளும்

பெங்களூருக்கு மேற்கே, மாகடிக்கு அணித்தாக, சாவனதுர்க்கம் என்னும் பெருங்கற்குன்றம் இருப்பதை அன்பர்கள் பலரும் அறிவர். ஒரே பாறையாய் எழுந்து நிற்கும் அக்குன்றின் அடிவாரத்தைச் சூழ்ந்து வறண்ட நிலத்துக்குரிய இலையுதிர் காடு பரந்து கிடக்கின்றது. சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்து இளைஞர் நால்வருடன் யாம் அங்குச் சென்றிருந்தோம். பேருந்தை விட்டிறங்கிச் சிறிது தூரம் நடந்ததும் அவர்களில் ஒருவர் நின்றுவிட்டார். "ஐயா, இக்காடு தீப்பற்றி எரிந்து போயிற்றுப் போலும்" என்றார். அவர் காட்டிய இடத்தில் முறுக்கேறிய அடிமரங்களும், கோணிய கிளைகளும், கிளை நுனிகளில் கரிக்கட்டை போன்ற முடிச்சுகளுமாக இருபது முப்பது மரங்கள் இலையின்றி நின்றன. யாமும் அவ்வாறே கருதினோம். ஆனால் மரத்தடியிலிருந்த காய்ந்த புல் கருகாமல் அப்படியே இருந்தது. தீயானது புல்லை விட்டுவிட்டு மரத்தை மட்டும் எரிப்பதுண்டோ?

அவ்வழியே ஆடு மேய்த்து வந்த மூதாட்டி ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு நகைத்தார். "அது முத்துக மரம் அப்பா, மொட்டு விட்டிருக்கிறது. இன்னும் பதினைந்து நாள் கழித்து வாருங்கள், அப்போதுதான் காடு எரியும்" என்று கன்னடத்திற் கூறிவிட்டுத் தம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கன்னடத்தார் முத்துக என்பதையே தமிழர் புரசு என்றும் பலாசம் என்றும் வழங்குவர். சென்னையிலுள்ள புரசைவாக்கம் இம்மரத்தாற் பெயர்பெற்ற ஊர் என்பர். 1757-இல் கிளைவு போர் செய்த வங்காளத்துப் பலாசியும் அங்ஙனமே பெயர் கொண்டது. வடமொழியிற் கிம்சுகம், "இது கிளியோ?" என்பது அப்பெயரின் பொருள் என்று கூறுவாருளர். பூவைக் கையிலெடுத்துப் பார்த்தவர்க்கு இதன் பொருத்தம் விளங்கும். செஞ்சாந்து நிறமுடைய ஐந்து இதழ்களுள் கீழிதழ்கள் ஒன்றுகூடிக் கிளிமூக்குப் போலவே வளைந்திருக்கும். மணம் சிறிதுமில்லை. மொட்டை மூடி நிற்கும் புல்லிவட்டமோ கருமை கலந்த பழுப்பு நிறமுடையது. பட்டு வெல்வெட்டுப் போன்ற மயிர் செறிந்தது. இலையெல்லாம் உதிர்ந்த கொம்பில் அம்மொட்டுகள் நெருங்கி நிற்கும் பத்துப் பதினைந்து நாட்களில் தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு மரம் கருகியதாகவே தோன்றும். எங்கள் இளைஞர் கண்டது அதனைத்தான்.

மாசி பிறந்ததும் நிலைமை மாறுகின்றது. ஓர் இலையும் குறுக்கே நில்லாமையால், காய்ந்து வெளிறிய காட்டிடையே அச்செந்நிறம் வெகுதூரம் வரையில் தெரிகின்றது. தேன்சிட்டும் மைனாவும் கரிச்சானும் கொண்டைக்குருவியும் கிளியும் அணிலும் நாள் முழுதும் அதனை மொய்க்கும். நீர்நிலைகள் வற்றி, மற்ற மரங்கள் ஒன்றும் தராத காலத்தில், இஃது ஒன்று பந்தி விரித்து வைக்கின்றது. பூ முடிந்தபின் தட்டையான காய் தொங்கும். ஒவ்வொரு காயின் நுனியிலும் ஒரே ஒரு விதை. கோடைக் காற்று அதனைப் பெயர்த்துக்கொண்டு போகும். பின்னர் வரும் மழையில் விதை முளைக்கும். மழைக்கு முன்னே காய் முற்ற வேண்டுமாயின் வறட்சியிலேயே பூக்க வேண்டும். வறட்சியில் நீரைக் காத்துக்கொள்ள வேண்டுமாயின் இலையை உதிர்க்க வேண்டும். இந்தக் கணக்கை அறியாதார்க்கு அது பட்ட மரம். அறிந்தார்க்கோ, வாழ்க்கைச் செலவைக் கட்டுப்படுத்தத் தெரிந்த குடும்பத்தலைவி.

சித்திரை வைகாசியில் மும்மூன்றாக இலை விடும். அவ்விலைகளை ஈர்க்கினாற் கோத்துத் தையல் இலையாக்கி உண்கலமாகக் கொள்வது இந்நாட்டு வழக்கம். பெங்களூரில் திருமண விருந்துகளுக்கெல்லாம் முத்துக இலை வந்த காலத்தை எம் வயதினர் மறந்திரார். இம்மரத்தில் அரக்குப் பூச்சி வளரும். பூவை நீரிலிட்டுக் காய்ச்சினால் மஞ்சட் சாயம் கிட்டும். பட்டையைக் கீறினாற் செந்நிறப் பிசின் வடியும். உவர்நிலத்திலும், நீர் தேங்கும் களிநிலத்திலும், கல்லாங்கரட்டிலும் வளரும். வெட்டினால் அடியிலிருந்தும் வேரிலிருந்தும் மீண்டும் தளிர்க்கும். பன்னேருகட்டாக் காட்டிலும், இராமநகரத்துப் பாறைக் குன்றுகளின் ஓரத்திலும், கருங்காலி, வெக்காலி, நெல்லி, மூங்கில் முதலியவற்றோடு இது சேர்ந்து வாழ்வதைக் காணலாம்.

நிற்க. இம்மரத்தை வைத்துப் பாலி நூல்களில் இரண்டு இடங்களில் ஒரு செய்தி வருகின்றது. ஒன்று சாதகக் கதைகளில் 248-ஆவது. மற்றொன்று சங்யுத்த நிகாயத்தில் கிம்சுகோபம சூத்திரம்.

சாதகக் கதை பின்வருமாறு. காசி வேந்தனுக்குப் புதல்வர் நால்வர். கிம்சுக மரத்தைக் காட்டுமாறு அவர்கள் தேர்ப்பாகனை வேண்டினர். அவன் நால்வரையும் ஒருசேர அழைத்துச் செல்லவில்லை. ஒவ்வொருவரை ஒவ்வொரு காலத்திற் கொண்டுபோய்க் காட்டினான். மொட்டு விட்ட காலத்திற் கண்டவன் அம்மரம் எரிந்த கட்டை போன்றது என்றான். தழைத்த காலத்திற் கண்டவன் ஆலமரம் போன்றது என்றான். பூத்த காலத்திற் கண்டவனுக்கு அஃது ஊன் துண்டம் போன்றது. காய்த்த காலத்திற் கண்டவனுக்கு வாகை மரம் போன்றது. வழக்கு முற்றித் தந்தையிடம் சென்றனர். "நீங்கள் நால்வரும் கண்டது உண்மையே, ஆனால் மற்றக் காலங்களில் அது எங்ஙனமிருக்கும் என்று பாகனை ஒருவரும் கேட்டிலீர்" என்பது தந்தையின் தீர்ப்பின் கருத்து.

சூத்திரத்தில் வருவதோ வேறு. பிக்கு ஒருவர், காட்சி தூய்மையடைவது எவ்வாறு என்று பிற பிக்குகளிடம் வினவிச் செல்கின்றார். ஒருவர் ஆறு புலன்களைக் கொண்டு விடை தருகின்றார். ஒருவர் ஐந்து கந்தங்களைக் கொண்டு. ஒருவர் நான்கு பூதங்களைக் கொண்டு. ஒருவர் தோன்றுவதெல்லாம் மறையும் என்பதைக் கொண்டு. விடைகள் வேறுபடுதலால் அவர் மனநிறைவின்றிப் பகவானை அணுகுகின்றார். பகவான் கிம்சுக மரத்தை உவமையாக்கி, அந்நன்மக்கள் ஒவ்வொருவரும் தாம் தாம் தூய்மையடைந்த வழியையே உரைத்தனர் என்று விளக்குகின்றார்.

ஒரே மரம், ஒரே உவமை. ஆயினும் பழி விழும் இடம் இரண்டிலும் வேறாயிருத்தலை அன்பர்கள் உற்று நோக்க வேண்டும். சூத்திரத்தில் சொன்னவர்கள் குற்றமற்றவர். கேட்டவரே மனங்கொள்ளாது அலைகின்றார். சாதகத்திலோ, சொன்னவர்களே குற்றமுடையோராகின்றனர். அவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. கண்ணிற் பழுதுண்டா? அதுவுமில்லை. உதானத்தில் வரும் யானையைத் தடவிய பிறவிக் குருடர்களோடு இவர்களை ஒன்றாக எண்ணிவிடுவோர் பலர். அது பொருந்தாது. குருடர்கள் ஆளுக்கோர் உறுப்பைத் தொட்டனர். முழுமையைக் காணும் வழி அவர்க்கு அடைபட்டிருந்தது. இவ்வரசகுமாரர்களோ நல்ல கண்ணுடையவர்கள். வேர் முதல் நுனி வரை மரத்தை முழுதாகவே கண்டவர்கள். குறைந்தது காலம் ஒன்றே. முழுதாகக் கண்டோம் என்னும் எண்ணமே அவர்களைக் கேளாதிருக்கச் செய்தது. குருடனுக்காவது தன் குறை தெரியும். முழுதும் கண்டவனுக்கு அந்த நன்மையும் இல்லை.

ஆகவே எம் உள்ளத்தில் நெடுநாளாக நிற்கும் கேள்வி இது: ஒருவன் பொய்யே சொல்லாமல் தீங்கு செய்தல் கூடுமா? கண்டதைக் கண்டபடி சொல்லியவனை, இன்னும் நீ கேட்டிருக்க வேண்டும் என்று குற்றஞ்சாட்டுவது நீதியா?

இதனை ஏட்டளவில் யாம் கேட்கவில்லை. சற்றேறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் யாம் நூற்பாலை ஒன்றில் ரிங் பிரேம் பகுதியில் வேலை செய்து வந்தோம். எம் பக்கத்து இயந்திரத்தில் எமக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றே அழைப்போம். தொடர்ந்து ஒரு வாரம் இரவு ஷிப்டில் அவர் நின்றபடியே உறங்கிவிழுந்தார். இழைகள் அறுந்து, உருளைகளிற் பஞ்சு சுற்றிக்கொண்டு, அடியெல்லாம் கழிவாயிற்று. மேஸ்திரி எம்மை அழைத்து, "அவன் உறங்கினானா இல்லையா, கண்டதைச் சொல்" என்றார். உறங்கினார் என்றோம். எத்தனை நாள் என்றார். ஐந்து நாள் என்றோம். ஒரு சொல்லேனும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அண்ணனுக்குப் பத்து நாட்கள் வேலையில்லை. பத்து நாட் கூலியும் போயிற்று.

பின்னரே எம் தாயார் வாயிலாக எமக்கு விளங்கியது. எங்கள் குடிசைகள் இருந்த நிலத்துக்கு ஹக்குப் பத்திரம் கேட்டு, எங்கள் சந்திலுள்ள நாற்பது வீட்டுக் காகிதங்களையும் ஒரு பையிலிட்டுக்கொண்டு, அவ்வாரம் முழுதும் பகலெல்லாம் ஓர் அலுவலகத்து வாயிலில் அண்ணனே நின்றிருக்கின்றார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் அச்சந்தில் அவர் ஒருவர். அப்பையில் எம் தாயாரின் காகிதமும் இருந்தது.

யாம் அவர் வீட்டுக்குச் சென்று தலைகுனிந்து நின்றோம். அவர், "நீ கண்டதைத்தானே சொன்னாய் தம்பி, பொய்யொன்றும் சொல்லவில்லையே" என்றார். எம்மைத் தேற்றுதற்காகவே அதனைக் கூறினார். வேறு உட்கருத்து வைத்துப் பேசும் மனிதரல்லர். ஆயினும் பின்னாளில் யாம் பஞ்சசீலம் ஏற்று, நான்காம் சீலத்தைச் சொல்லும்போதெல்லாம் அச்சொல்லே எம் காதில் ஒலிக்கின்றது. பொய்யுரை தவிர்த்தேன் என்று அன்றும் யாம் சொல்லியிருக்கக் கூடும். அதனாலேயே அச்சீலத்தின் எல்லை பொய்யோடு முடிவதன்று என்று கருதுகின்றோம். அபயராசகுமார சூத்திரத்தில், உண்மையும் பயனும் உடைய சொல்லையும் ததாகதர் காலமறிந்தே உரைப்பார் என்று வருகின்றது. காலமறிதல் என்பது சொல்லும் வேளையை அறிதல் என்றே பொதுவிற் பொருள் கொள்வர். சொல்லப்படும் பொருளின் காலத்தையும் அறிதல் என்று அதனை விரித்துக்கொள்வதிற் பிழையில்லை என்பது எம் துணிபு. மேஸ்திரியும் ஏன் உறங்கினான் என்று கேட்கவில்லை, யாமும் கேட்கவில்லை. கேட்கும் கடமை இருவருக்கும் இருந்தது. அதில் அண்டை இயந்திரத்தவனுக்கு, ஒரே சந்தில் வாழ்ந்தவனுக்கு, அதிகம்.

எங்கள் குடிசை நிலத்தைப் பற்றிச் சொன்னோம். அதனைத் தமிழிற் புறம்போக்கு என்பர். தீர்வைக்கு உட்படாது புறத்தே விடப்பட்ட நிலம் என்பதே அச்சொல்லின் பொருள். இன்றோ அது மனிதரை வையும் சொல்லாகிவிட்டது. கர்நாடக வருவாய்க் கணக்கில் உழவுக்கு உதவாத நிலத்தைக் கராபு என்று எழுதுவர். அதன் பொருள் கெட்டது என்பதே. காட்டுக்கும் இதே பேறுதான் வாய்த்திருக்கின்றது. இந்திய அரசின் நிலவளத் துறை வெளியிடும் தரிசு நிலப் படநூலில் (அதன் புதிய பதிப்பு 2019-இல் வந்தது) புதர் மண்டிய நிலம் தரிசு வகைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றது. கோடையில் ஒருமுறை வந்து பார்ப்பவர்க்கு முள்ளும் கல்லும் கரிய கட்டையும் தெரியும். பயனற்றது என்று எழுதிவிட்டுப் போவார். எழுதியவர் பொய் எழுதினார் என்று யாம் சொல்ல மாட்டோம். மொட்டுக் காலத்தில் வந்த மூத்த அரசகுமாரன் அவர்.

ஆனால் ஏட்டில் எழுதியதற்கு வலிமையுண்டு. 1980-களில் சமூகக் காடு வளர்ப்பு என்னும் பெயரால் கோலார், பெங்களூர் ஊரகப் பகுதிகளிற் பெருந்திரளாகத் தைலமரம் நட்டனர். வெற்றிடத்தைப் பசுமையாக்குகின்றோம் என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். நிலத்தடி நீர் வற்றிய பின், 2017-இல், புதிதாக அம்மரம் நடுவதை மாநில அரசே தடைசெய்தது. அண்மையில் நிகழ்ந்த வேறு செய்தி எமக்கு ஆறுதலளிப்பது. பெங்களூருக்கு வடக்கே ஹெசரகட்டாவில் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளியைக் காப்பகமாக்கும் கருத்தை 2021-இல் மறுத்துவிட்ட மாநில வனவிலங்கு வாரியம், 2024-இல் அதனை ஏற்றது. புல்வெளியின் இயல்பு மூன்றாண்டில் மாறிவிடவில்லை. மறுபடியும் பார்க்கச் சம்மதித்தார்கள், அவ்வளவே. அதே 2021-இல், கனகபுரச் சாலையை அடுத்த துரஹள்ளிக் காட்டில் மரப்பூங்கா அமைக்கும் திட்டத்தையும் மக்கள் எதிர்த்து நிறுத்தினர். காட்டுக்குள் மரப்பூங்கா அமைப்பது என்பது, உண்டு முடித்த விருந்தினரை மீண்டும் உண்ண அழைப்பது போன்ற வேடிக்கை.

இங்கே அன்பர் ஒருவர் எம்மை இடைமறித்துக் கேட்கலாம்: நான்கு காலமும் காத்திருந்தே தீர்ப்புச் சொல்ல வேண்டுமெனில் உலகம் நடக்குமா? மேஸ்திரி அன்றிரவே இயந்திரத்துக்கு ஆள் போட வேண்டியவர். நிலக்கணக்கன் அம்மாதத்திற்குள் ஏட்டை முடிக்க வேண்டியவன். வீடற்றவன் நிலம் கேட்கும்போது, அடுத்த மழைக்காலம் வரை பொறு, இந்நிலத்தின் இயல்பை ஆராய்கின்றோம் என்று சொல்வது கொடுமையன்றோ? இக்கேள்வி நியாயமானது. புறம்போக்கிற் பிறந்து வளர்ந்த யாம் இதனை எளிதில் தள்ளிவிட மாட்டோம். செயல் காத்திருக்க முடியாத நேரமுண்டு. அப்போதும் ஒன்று செய்யலாம். கண்டதோடு கண்ட காலத்தையும் சேர்த்துச் சொல்லலாம். "கிம்சுகம் எரிந்த கட்டை போன்றது" என்பதற்கும், "தை மாதத்தில் யான் கண்டபோது அவ்வாறிருந்தது" என்பதற்கும் உள்ள இடைவெளி ஐந்தாறு சொற்களே. பின்னதைச் சொன்னவனோடு தம்பியர் மூவரும் வழக்காடியிருக்க மாட்டார்கள்; ஒருவேளை அவனைப் பார்த்துத் தாமும் தத்தம் மாதத்தைக் கூறியிருப்பர். அன்று யாமும், "இந்த ஐந்து இரவில் உறங்கினார், அதற்கு முன் ஆறு ஆண்டில் ஒருநாளும் உறங்கியதில்லை" என்று சொல்லியிருக்கலாம். அதுவும் கண்டதே. கேட்டதற்கு மட்டும் விடை சொல்வது நேர்மை என்று அவ்வயதில் எண்ணியிருந்தோம்.

மற்றொரு சாரார் எதிர்ப்புறத்திற் சாய்வர். நால்வரும் உண்மை சொன்னார்கள் என்றால் எவர் சொல்வதும் உண்மைதான், அவரவர் காட்சி அவரவர்க்கு என்று கைகழுவி விடுவர். இந்நாளில் இப்பேச்சு மலிந்து கிடக்கின்றது. கதையில் அதற்கு இடமில்லை. புரசம்பூ மல்லிகை போல மணக்கும் என்று ஐந்தாமவன் ஒருவன் வந்து சொல்லியிருந்தால், தந்தை அவனை நோக்கி நீ கண்டதும் உண்மையே என்று சொல்லியிருக்க மாட்டார். எந்த மாதத்திற் சென்றாலும் அதற்கு மணமில்லை. காலத்தால் வேறுபடும் உண்மையும் பொய்யும் ஒன்றாகிவிடா. அன்றியும், நான்கு காலத்தையும் அறிந்தவன் ஒருவன் கதையிலேயே இருக்கின்றான். அவன் அரசனுமல்லன், ஞானியுமல்லன், தேர்ப்பாகன். ஆண்டு முழுதும் அவ்வழியே குதிரை ஓட்டுபவன். சாவனதுர்க்கத்தில் ஆடு மேய்த்த அம்மூதாட்டியை எண்ணுகின்றோம். எழுதியவர்கள் அவரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்திற் சொல்லியிருப்பார். எங்களுக்குக் கேட்காமலேயே சொன்னார்.

அவர் சொன்னபடி மாசியில் மீண்டும் சென்றோம். முதல்முறை வந்த நால்வருள் இருவர் வந்தனர். தீப்பற்றியது என்று கூறிய இளைஞர் ஒன்றும் பேசாமல் நெடுநேரம் ஒரு மரத்தடியில் நின்றார். கீழே விழுந்த பூக்களை மட்டும் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டார், கிளையைத் தொடவில்லை. மேலே கரிச்சான்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. ஆடியில் மூன்றாம் முறை சென்றபோது எம்மால் அம்மரங்களை உடனே அடையாளம் காண முடியவில்லை. அகன்ற இலைகள் அடர்ந்து, அடியில் ஆடுகள் படுத்திருக்கும் அளவுக்கு நிழல் கனத்திருந்தது. இரண்டாம் அரசகுமாரன் ஆலமரம் என்றதில் வியப்பில்லை.

காய்க்காலத்தை மட்டும் யாம் இன்னும் கண்டிலோம். மேலே காயைப் பற்றி எழுதியதெல்லாம் நூலிற் படித்ததும் பிறர் சொல்லக் கேட்டதுமே. வைகாசி விசாகக் கூட்டம் முடிந்த அடுத்த ஞாயிறன்று காலையில் மாகடிப் பேருந்தில் புறப்பட எண்ணியிருக்கின்றோம். உடன்வர விரும்பும் அன்பர்கள் குடிநீரும் கட்டுச்சோறும் கொண்டு வருவார்களாக.